அனுதானம் யாருக்கு? பெங்களூரில் வீட்டுக்கும் நலப்பணிக்கும் அரசுப் பணம் பிரியும் விதம்

ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருமுனைக் கோயில் சுவரில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கன்னட நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் எல்லாருக்கும் கன்னடம் பேச வரும், பாதிப் பேருக்கு வாசிக்க வராது. கோயிலுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா என்னை நிறுத்தி, "தம்பி, நமக்கு ஏதாவது போட்டிருக்கானா பாரு" என்றார். வாசித்தேன். மாநகராட்சியின் கல்யாண இலாகா, ஒண்ட்டி மனெ திட்டத்தில் அனுதானம் கேட்கும் ஃபலானுபவிகள் அர்ஜி கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது.

"யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார் பக்கத்தில் நின்ற பாட்டி. கன்னடத்தில் கல்யாண இலாகா என்றால் நலத்துறை. அனுதானம் என்றால் மானியம். ஃபலானுபவி என்பவர் பயனாளி. அர்ஜி என்றால் மனு. ஒண்ட்டி மனெ என்றால் தனி வீடு. நாம் ஒண்டிக்கட்டை என்கிறோமே, அதே ஒண்டிதான். சொந்தமாக ஒரு சின்ன மனை இருந்து, அதில் ஷீட் போட்ட வீட்டில் குடியிருக்கும் ஏழைக் குடும்பம் அதை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்ட 5 லட்சம் ரூபாய் வரை மாநகராட்சி தரும் உதவி அது.

அக்கா அடுத்து கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "சரி, அந்த அஞ்சு லட்சம் யாரோட பணம்? இவங்களுக்குக் கொடு, அவங்களுக்குக் கொடுக்காதேன்னு யாரு உட்கார்ந்து முடிவு பண்றாங்க?"

பட்ஜெட் நாளில் பேப்பரில் பெரிய தொகை வரும். பெங்களூர் மாநகராட்சி 2025-26-க்குப் போட்ட பட்ஜெட் 19,927 கோடி. அதைப் பார்த்ததும், இவ்வளவு பணத்தில் நம் தெருவுக்கு ஒன்றும் வரவில்லையே என்ற ஆதங்கம் வருவது இயல்பு. ஆனால் அந்தத் தொகை ஒரே பெட்டியில் கிடந்து, மேயரோ கமிஷனரோ அள்ளிக் கொடுக்கும் பணம் அல்ல. அதில் பெரும்பகுதி கைக்கு வரும்போதே "இது இதற்கு மட்டும்" என்று பெயர் எழுதப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பெயரை எழுதுபவர் யார் என்று தெரிந்தால், யாரிடம் போய் எப்போது கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மூன்று பைகள்

நகரத்துக்குப் பணம் மூன்று பைகளில் வருகிறது.

முதல் பை நகரமே வசூலிப்பது. சொத்து வரிதான் அதில் பெரியது. கட்டட வரைபட அனுமதிக்கான கட்டணம், காதா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) கட்டணம், கடை லைசென்ஸ் எல்லாம் அதோடு சேரும். வாடகைக்கு இருப்பவர்கள், "நாங்கள் வரி கட்டுவதில்லையே" என்று தயங்குவார்கள். வீட்டுக்காரர் கட்டும் சொத்து வரி உங்கள் வாடகைக்குள்தான் இருக்கிறது. கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.

இரண்டாவது பை மாநில அரசு தருவது. மாநில நிதி ஆணையம் என்று ஒன்று உண்டு. மாநிலத்தின் வருமானத்தில் ஊராட்சிகளுக்கும் நகரங்களுக்கும் எவ்வளவு பங்கு என்று பரிந்துரைப்பது அதன் வேலை. இது போகச் சாலைக்கு, கால்வாய்க்கு என்று தனித்தனியாகவும் மாநிலம் பணம் தரும்.

மூன்றாவது பை மத்திய அரசுடையது. இதற்குள் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று மத்திய நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்கு வருவது. இன்னொன்று, பிரதமர் வீட்டு வசதித் திட்டம் போன்ற திட்டப் பணம்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மானியம் என்றாலே நகரம் விருப்பப்படி செலவழிக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். வீட்டுக் கணக்கை வைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து அம்மா 10,000 ரூபாய் அனுப்புகிறார். "செலவுக்கு வச்சுக்கோ" என்று அனுப்பினால் அது வாடகைக்கும் போகலாம், அரிசிக்கும் போகலாம். "பாப்பா ஸ்கூல் ஃபீஸுக்கு" என்று அனுப்பினால் அதில் கை வைக்க மனசு வராது. அடுத்த முறை ரசீது எங்கே என்றும் கேட்பார். முதல் வகையைப் பொது மானியம் என்றும், இரண்டாவதை நிபந்தனை மானியம் என்றும் சொல்லலாம். ரசீது கேட்பதற்கும் அரசில் ஒரு பெயர் உண்டு: பயன்பாட்டுச் சான்றிதழ். அது போய்ச் சேராவிட்டால் அடுத்த தவணை வராது.

பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரப் பகுதிகளுக்கு 15-வது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை ஐந்து ஆண்டுகளுக்குப் பரிந்துரைத்த தொகை 38,196 கோடி. பெங்களூரும் அந்த வரிசையில் இருக்கிறது. அதில் 12,139 கோடி காற்றின் தரத்தை மேம்படுத்த. மீதி 26,057 கோடி குடிநீர், கழிவுநீர், குப்பை மேலாண்மைக்கு. முழுவதுமே நிபந்தனை மானியம். அதிலிருந்து ஒரு ஏழைக்கு ஒரு செங்கல்கூட வாங்கித் தர முடியாது. "மத்திய அரசிலிருந்து கோடி கோடியாக வந்தது, வீடு எங்கே?" என்று மேடையில் ஒருவர் கேட்டால், எந்தப் பையைச் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள்.

வீடு யார் பொறுப்பு என்பதில் சட்டமும் தெளிவாக இல்லை. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க 18 பணிகளை ஒரு பட்டியலாகத் தந்தது. குடிசைப் பகுதி மேம்பாடு அதில் இருக்கிறது, நகர்ப்புற வறுமை ஒழிப்பு இருக்கிறது, மாற்றுத்திறனாளிகள் உட்பட நலிந்த பிரிவினரின் நலன் இருக்கிறது. வீடு கட்டித் தருவது என்று தனியாக ஒரு வரி இல்லை. அதனால்தான் பெங்களூரில் வீட்டுக்காக அலைபவர் ஒரே அலுவலகத்தில் வேலையை முடிக்க முடிவதில்லை. குடிசைப் பகுதி என்றால் கர்நாடகக் குடிசைப் பகுதி மேம்பாட்டு வாரியம். அடுக்குமாடி வீட்டுத் திட்டம் என்றால் ராஜீவ் காந்தி ஊரக வீட்டுவசதிக் கழகம். பெயரில் ஊரகம் இருந்தாலும் பெங்களூருக்கான முதலமைச்சர் வீட்டுத் திட்டம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. சொந்த மனையில் தனி வீடு என்றால் மாநகராட்சி நலத்துறை. எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று தெரிவதே பாதி வேலை.

24.10, 7.25, 5

அக்காவின் கேள்விக்கு இப்போது வருவோம். ஒண்ட்டி மனெ பணம் முதல் இரண்டு பைகளிலிருந்து வருகிறது. நகரம் தன் கையிலிருக்கும் நிதியில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்பது கர்நாடகத்தில் விதி. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு 24.10 சதவீதம். மற்ற ஏழை, நலிந்த பிரிவினருக்கு 7.25 சதவீதம். மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம். நலத்துறைக்குப் போகிறவர்கள் இந்த மூன்று எண்ணையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். "இருபத்துநாலு பத்தா, ஏழு இருபத்தஞ்சா?" என்றுதான் அங்கே பேச்சே தொடங்கும்.

24.10 என்பது யாரோ யோசித்துப் போட்ட எண் அல்ல. மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 17.15 சதவீதம், பழங்குடியினர் 6.95 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 24.10 வரும். மாநில அரசும் தன் வளர்ச்சித் திட்டப் பணத்தில் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் இவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று 2013-ல் கர்நாடகம் ஒரு சட்டமே போட்டது.

அந்தச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. 7(d) என்ற பிரிவு. எல்லாருக்கும் பொதுவான பெரிய கட்டுமான வேலைகளைச் சாதிவாரியாகப் பிரிக்க முடியாது அல்லவா? அந்தச் செலவில் ஒரு பங்கைப் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குச் செலவானதாகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்றது அது. ஒரு சாலை போடுகிறார்கள், அதில் எல்லாரும்தான் போகிறோம், ஆகவே அதில் ஒரு பங்கு இவர்கள் கணக்கு. கணக்கு நேராகும், வீடு வராது. தலித் அமைப்புகள் பல ஆண்டுகள் விடாமல் கேட்ட பிறகு, 2023-ல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். பட்ஜெட்டில் ஒரே ஒரு பிரிவு எத்தனை வீடுகளை விழுங்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எண்ணைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், எதையெல்லாம் அந்த எண்ணுக்குள் போட்டார்கள் என்று பாருங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

இந்தப் பங்கிலிருந்து வீட்டுக்கு மட்டும் பணம் போவதில்லை. மாணவர்களுக்கு லேப்டாப், பெண்களுக்குத் தையல் மெஷின், மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று சக்கர ஸ்கூட்டர், கல்லூரிக் கட்டணத்தைத் திருப்பித் தருவது, காலனியில் சிமென்ட் ரோடு, சாக்கடை எல்லாம் இதே பங்கிலிருந்துதான். தையல் மெஷின் கொடுத்தால் ஒரே மேடையில் நூறு பேருக்குக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். அதே பணத்தில் வீடு என்றால் சில குடும்பங்களுக்குத்தான் கிடைக்கும், அதுவும் ஒரு வருடம் இழுக்கும். எதற்கு எவ்வளவு என்று பிரிக்கும்போது இந்த ஆசை உள்ளே வேலை செய்யும். வீடுதான் முக்கியம் என்று குரல் கொடுக்க ஆள் வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

ஜாதிச் சான்றிதழும் 1950-ம்

பெங்களூர்த் தமிழர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். இது தெரியாமல் வருடக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

24.10 பங்கில் வீடு கேட்க, கர்நாடகத்தில் பட்டியல் சாதியாகச் செல்லும் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழ் இங்கே செல்லாது. பட்டியல் மாநிலவாரியானது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தவர், போன மாநிலத்தில் அந்த உரிமையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லும் 1994-லும் சொல்லிவிட்டது. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்த நாள் 1950 ஆகஸ்ட் 10. அந்த நாளில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ, அந்த மாநிலத்துப் பட்டியல்தான் அந்தக் குடும்பத்துக்கும் வாரிசுகளுக்கும்.

இது பலருக்குக் கதவை அடைக்கிறது. அதே சமயம் வேறு பலருக்குத் திறந்தே இருக்கிறது, அவர்களுக்கு அது தெரியவில்லை. பெங்களூர் கண்டோன்மென்ட் 1809-ல் உருவானது. அதன் பின்னாலும், பின்னி மில் முதலான ஆலைகளின் பின்னாலும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆதி திராவிடர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறார்கள். 1950-க்கு முன்பே தாத்தா இங்கே இருந்தார் என்பதற்குக் காகிதம் இருந்தால் பேரனுக்கு இங்கேயே சான்றிதழ் கேட்க இடம் உண்டு. தாத்தாவின் மில் வேலைச் சீட்டு, பழைய பள்ளிக்கூடச் சான்றிதழ், பிறப்புப் பதிவு இவற்றைத் தகரப் பெட்டியில் துருப்பிடிக்க விடாதீர்கள். நாட கச்சேரியில் (சான்றிதழ் தரும் வருவாய்த்துறை அலுவலகம்) மனு கொடுக்கும்போது அவைதான் பேசும். கிடைத்த சான்றிதழில் ஆர்.டி. எண் என்று ஒன்று இருக்கும், அதைத் தனியே குறித்து வையுங்கள். எந்த அர்ஜியிலும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

1950-க்குப் பிறகு வந்தவர்கள்? அவர்களுக்கு 7.25 பங்கு, மாற்றுத்திறனாளி இருந்தால் 5 பங்கு, அப்புறம் மத்திய அரசின் வீட்டுத் திட்டம். மத்தியத் திட்டத்தின் அளவுகோல் வருமானம். அங்கே சாதிச் சான்றிதழ் இல்லாதவருக்கும் இடம் இருக்கிறது.

வீட்டுப் பணம் வரும் பாதை

பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறத்துக்கு 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பர் 1 முதல் நடக்கிறது. பெங்களூரில் உள்ள ஏழைக் குடும்பத்துக்கு இதில் இரண்டு வழி முக்கியம். ஒன்று, சொந்த மனையில் தானே வீடு கட்டிக்கொள்வது. இன்னொன்று, அரசோ வேறு அமைப்போ கட்டும் அடுக்குமாடியில் ஒரு வீடு. எந்த வழியானாலும் மத்திய அரசு ஒரு வீட்டுக்கு 1.5 லட்சம் தரும். இரண்டாம் கட்டத்தில் மாநிலம் குறைந்தது 1 லட்சம் போட வேண்டும். ஆக, 2.5 லட்சம்.

தகுதியைக் கவனமாகப் படியுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். குடும்பத்தில் யார் பேரிலும் இந்தியாவில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. "எங்கேயும்" என்ற சொல்தான் நம்மவர்களை மடக்குவது. தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ உங்கள் பேரில் ஒரு கான்கிரீட் வீடு இருந்தால் முடிந்தது. ஆனால் இங்கே குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் மட்டும்தான். ஊரில் அப்பா பேரில் இருக்கும் வீடு உங்கள் கணக்கில் வராது. இந்த ஒரு விஷயம் புரியாமல், "எங்களுக்கு ஊரில் வீடு இருக்கே" என்று சொல்லி அர்ஜியே போடாதவர்கள் எங்கள் தெருவில் உண்டு. கடந்த இருபது ஆண்டுகளில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பலன் பெற்றிருக்கவும் கூடாது. வீடு பெண் பேரிலோ கணவன் மனைவி இருவர் பேரிலோ இருக்க வேண்டும் என்பதை இந்தத் திட்டத்தின் நல்ல அம்சமாக நான் பார்க்கிறேன்.

2.5 லட்சத்தில் பெங்களூரில் வீடு கட்ட முடியுமா? முடியாது. மீதிப் பணம் எங்கிருந்து வரும் என்பதில்தான் பல திட்டங்கள் நின்றுபோகின்றன. திட்டக் காகிதத்தில் அதற்கு "பயனாளி பங்கு" என்று பெயர். அடுக்குமாடி வீட்டுக்கு இந்தப் பங்கு லட்சக்கணக்கில் வரும். பூ விற்பவரும் வீட்டு வேலை செய்பவரும் அதற்கு எந்த வங்கியில் கடன் வாங்குவார்கள்? பங்கு வராததால் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகாது, தூண் வரை எழுந்த கட்டடம் அப்படியே நிற்கும். கர்நாடகம் முழுக்க இப்படி நின்ற வீடுகள் ஏராளம். 2023 டிசம்பரில் மாநில அமைச்சரவை, பயனாளி 1 லட்சம் மட்டும் கட்டினால் போதும், மீதியை அரசே போடும் என்று முடிவெடுத்தது. அதன் பிறகு 2024 மார்ச்சில் கே.ஆர். புரத்தில் நடந்த விழாவில் 36,789 வீடுகளைக் குடும்பங்களுக்கு ஒப்படைத்தார்கள். திட்டமும் கட்டடமும் பயனாளிப் பட்டியலும் பழையவைதான். மாறியது யார் எவ்வளவு பங்கு போடுவது என்ற கணக்கு ஒன்றுதான். ஒதுக்கீடு என்று பேசும்போது நாம் பார்க்க வேண்டியது இந்தப் பங்குக் கணக்கைத்தான்.

சொந்த மனையில் கட்டுபவருக்குப் பணம் மொத்தமாக வராது. மத்திய அரசு மாநிலத்துக்குத் தருவதே முதல் கட்டத்தில் 40, 40, 20 சதவீதம் என மூன்று தவணையாகத்தான் இருந்தது. பயனாளிக்கும் அஸ்திவாரம், லிண்டல், ரூஃப், முடிவு என்று கட்டடம் எழ எழத்தான் தருவார்கள். ஒவ்வொரு மட்டத்திலும் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, இடம் பதியும்படி மொபைலில் படம் எடுத்துப் போவார். படம் ஏறினால்தான் பணம். அதனால் கட்டுபவர் கையில் முதலில் கொஞ்சம் பணம் இருந்தே ஆக வேண்டும். சீட்டு எடுத்தோ நகையை வைத்தோதான் அஸ்திவாரம் போடுகிறார்கள். மானியத்தை நம்பி, பணம் வந்ததும் ஆரம்பிக்கலாம் என்று பழைய வீட்டை இடித்துவிட்டு உட்கார்ந்தவர்களை அறிவேன். வாடகை கொடுத்துத் திண்டாடினார்கள். வேலை உத்தரவு கைக்கு வந்து, அஸ்திவாரத்துக்குப் பணமும் சேர்ந்த பிறகு இடியுங்கள்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது மனையின் பத்திரம். தனி வீட்டுக்கான எந்தத் திட்டமானாலும் முதல் கேள்வி, மனை யார் பேரில்? குடிசைப் பகுதியாக இருந்தால் 1973-ம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டப்படி அரசு அறிவித்த பகுதியா, ஹக்கு பத்ரா (உரிமைப் பத்திரம்) கொடுத்தார்களா? அறிவித்த பகுதியில் இருப்பவருக்கு வாரியத்தின் பணம் வரும். இரண்டு தெரு தள்ளி, அதே நிலையில், ஆனால் அறிவிக்காத பகுதியில் இருப்பவருக்கு வராது. வாடகைக் குடித்தனக்காரருக்குத் தனி வீட்டுத் திட்டம் எதுவுமே கிடையாது. நகரத்தில் அதிகக் கஷ்டத்தில் இருப்பவரைத் தேடி இந்தப் பணம் போவதில்லை. காகிதம் வைத்திருப்பவரில் கஷ்டப்படுபவரைத் தேடிப் போகிறது. இது எனக்குப் பெரிய வருத்தம். இரண்டாம் கட்டத் திட்டத்தில் குறைந்த வாடகை வீடுகளுக்கென்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். நான் அதிகம் எதிர்பார்ப்பது அந்தப் பிரிவைத்தான்.

தங்குமிடம், சாப்பாடு

வீடே இல்லாதவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதிப்படி ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஓர் இரவு பகல் தங்குமிடம், தங்கும் ஒவ்வொருவருக்கும் 50 சதுர அடி இடம். 2011 கணக்கெடுப்பில் பெங்களூர் மாநகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை சுமார் 84 லட்சம். அப்படியானால் 84 தங்குமிடம் வேண்டும். இதைச் சொல்வது ஒரு காரணத்துக்காக. பட்ஜெட்டில் ஒரு தொகையைப் பார்த்தால் அது பெரியதா சிறியதா என்று நமக்குத் தெரியாது. விதியில் இருக்கும் அளவோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சாப்பாட்டுக்கு, 2017 ஆகஸ்ட்டில் தொடங்கிய இந்திரா கேன்டீன். காலை டிபன் 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய். மீதிச் செலவு அரசுப் பணம். இதில் விசேஷம், அர்ஜி கிடையாது, சான்றிதழ் கிடையாது, பசித்தவர் யாரும் வரிசையில் நிற்கலாம். காகிதம் கேட்காத மானியம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டுமானால், காலை எட்டு மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள்.

முடிவு எங்கே நடக்கிறது

நகர நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. பட்ஜெட் மார்ச் முடிவதற்குள் வர வேண்டும். மார்ச்சில் போய்க் கேட்டால் ஒன்றும் நடக்காது, எல்லாம் எழுதி முடித்திருப்பார்கள். வார்டுகளிலிருந்து தேவை கேட்டு வாங்குவது குளிர்காலத்தில் நடக்கிற வேலை. எங்கள் தெருவில் மனு எழுதுவதைக் கார்த்திகையிலேயே ஆரம்பித்துவிட வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

பட்ஜெட் வந்த பிறகு, என்ன வேலை, எந்த வார்டு, எவ்வளவு என்று ஒரு பட்டியல் தயாராகும். அதை என்ஜினியர்கள் பி.ஓ.டபிள்யூ. (புரோகிராம் ஆஃப் ஒர்க்ஸ்) என்பார்கள். அதில் ஏறிய ஒவ்வொரு வேலைக்கும் ஜாப் கோட் என்று ஓர் அடையாள எண் கிடைக்கும். பட்ஜெட் பேச்சில் ஆயிரம் சொல்லியிருக்கலாம், ஜாப் கோட் விழாத வேலை நடக்காது. கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ "சாங்ஷன் ஆயிடுச்சு" என்றால், "ஜாப் கோட் விழுந்ததாங்க?" என்று பணிவாகக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதி உண்மை வெளியே வந்துவிடும். ஒதுக்கியது ஒரு தொகை, விடுவித்தது இன்னொரு தொகை, செலவானது மூன்றாவது தொகை. மூன்றையும் ஒன்றென்று நினைத்துத்தான் நாம் ஏமாறுகிறோம்.

பயனாளிப் பட்டியல் வேறு இடத்தில் முடிவாகிறது. அர்ஜிகளை நலத்துறை அதிகாரிகள் சரிபார்ப்பார்கள். இடத்துக்கு வந்து பார்ப்பார்கள். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதில் வார்டின் அரசியல் செல்வாக்கு நுழையும் இடமும் இதுதான். அதற்கு எதிராக மக்கள் கையில் இருந்தது வார்டு கமிட்டி. 2016-ல் வந்த விதிகளின்படி கவுன்சிலர் தலைமையில் பத்து உறுப்பினர், அதில் குறைந்தது மூன்று பெண்கள், இரண்டு பேர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர். ஆனால் 2020 செப்டம்பரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் தேர்தல் நடக்கவில்லை. அதிகாரிகளே பட்ஜெட் போட்டார்கள். 2022-ல் பட்ஜெட்டை யாரும் படிக்கவே இல்லை. மார்ச் 31 நள்ளிரவுக்குச் சற்று முன் இணையத்தில் ஏற்றினார்கள். இத்தனை லட்சம் மக்களின் பணம் எப்படிப் பிரியும் என்பதை எல்லாரும் தூங்கும் நேரத்தில் தெரிவித்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

2025 செப்டம்பர் 2 முதல் அந்த ஒரே மாநகராட்சி இல்லை. மத்தி, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என ஐந்து மாநகராட்சிகள், மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம். உங்கள் பழைய வார்டு இப்போது எந்த மாநகராட்சியில் இருக்கிறது, நலத்துறை அதிகாரி எங்கே உட்காருகிறார் என்பதை முதலில் கேட்டு வையுங்கள். பழைய அலுவலகத்தில் கொடுத்த அர்ஜி இருந்தால் அதன் ரசீது எண்ணோடு போங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இலவசம். 30 நாளில் பதில் தர வேண்டும். "எங்கள் வார்டில் 24.10, 7.25, 5 பங்குகளில் சென்ற ஆண்டு ஒதுக்கிய தொகை, விடுவித்த தொகை, செலவான தொகை, தனி வீடு பெற்ற பயனாளிகளின் எண்ணிக்கை" என்று இதே சொற்களில் கேளுங்கள். பொதுவாக "நிதி விவரம் வேண்டும்" என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும்.

இட்லிக் கடை அக்கா அந்த நோட்டீஸைப் பார்த்த ஆண்டு அர்ஜி போட முடியவில்லை. லக்கெரெயில் அவர் அம்மாவுக்கு ஒரு சின்ன மனையும் ஹக்கு பத்ராவும் இருந்தன. அம்மா இறந்து வருடங்கள் ஆகியும் பெயர் மாற்றவில்லை. அதற்கு முதலில் வம்சவிருட்சம் வேண்டும், அதாவது வாரிசுப் பட்டியல். இரண்டு தம்பிகள், ஒரு தங்கை, எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தம்பி ஓசூரில் இருக்கிறார், அவரைச் சம்மதிக்க வைக்கவே ஒரு தீபாவளி போய்விட்டது. இப்போது வம்சவிருட்சம் கிடைத்துவிட்டது. காதா மாற்றத்துக்கு மனு கொடுத்திருக்கிறார். ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அங்கே எண்ணெய் பிடிக்கும் அக்கா என்று சொல்லி, வாங்கி லேமினேட் போட்டுக் கொடுத்தேன். அடுத்த நோட்டீஸ் சுவரில் ஏறும்போது, அவர் கேட்பதற்கு முன் நானே போய்ச் சொல்வதாக ஏற்பாடு.